இரண்டாம் டிகாஷன்

ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று எங்கள் மேனேஜர் தினமும் தலையில் அடித்துக்கொள்வார். அந்தப் புலம்பல் ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும் தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணுக்கு நான் தெரியவேயில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். சோப்பு, தலைக்கு எண்ணெய், ஊதுபத்தி என்று எதை விற்கிறவர்களாக இருந்தாலும் எங்களிடம் வருவார்கள். நாங்கள் வீடு வீடாக ஆள் அனுப்பி, என்ன வாங்குகிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள் என்று விசாரித்து, பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊர் நிலவரம் இதுதான் என்று சொல்லுவோம்.

என் வேலை டேட்டா என்ட்ரி. காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்களைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். தூசி ஆகாது என்று காரணம் சொல்வார்கள். மெஷின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்ததைப் பார்த்தால் காரணம் தூசி மட்டுமில்லை என்று தெரியும். நான் படித்தது எம்.எஸ்ஸி. புள்ளியியல். இன்டர்வியூவில் மேனேஜர், என்ன கம்ப்யூட்டர் லாங்குவேஜ் தெரியும் என்று கேட்டார். லாங்குவேஜ் ஒன்றும் தெரியாது, எண்களைக் கொடுத்தால் அவை என்ன சொல்கின்றன என்று பார்க்கத் தெரியும் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, டைப்பிங் எவ்வளவு வேகம் என்று கேட்டார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது அனலிஸ்ட். அதற்கென்று ஜன்னலோரமாக, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதில் முதலில் உட்கார்ந்தவன் மேற்கு மாம்பலத்தில் ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு வந்தவன். மெஷினை என்ன வேண்டுமானாலும் செய்ய வைப்பான். பிரின்டரிலிருந்து வருகிற அட்டவணைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் பிரின்டரையே திரும்பிப் பார்ப்பான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த சமயம். அதைச் சரிபண்ண அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். அடுத்து வந்தவளை பம்பாயில் ஒரு பேங்க் கொத்திக்கொண்டு போயிற்று. மூன்றாவதாக வந்தவன் சட்டைப்பையில் பாஸ்போர்ட்டோடுதான் வேலைக்கே வந்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அந்த நாற்காலி ஒவ்வொரு முறை காலியாகும்போதும் எனக்கு வயிறு எரியும். அது எனக்கு வேண்டும். அதற்குத்தான் நான் படித்திருந்தேன்.

மூன்றாமவன் போனபோது காபிக்கடைக்காரர் ஒருவரின் வேலை பாதியில் நின்றது. மாம்பலத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கிட்டே வந்தாலே வறுத்த கொட்டை வாசனை அடிக்கும். இன்னொரு கடை போட ஆசைப்பட்டார். மயிலாப்பூரா, அடையாறா என்பது அவர் கேள்வி. வீடுகளில் கேட்டு முடித்தாகிவிட்டது, பதில்களை நான் தட்டியும் முடித்துவிட்டேன். படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. மேனேஜர் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை நீயே எழுது, கடைக்காரர் முன்னால் அது நின்றால் நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பம்பாயிலிருந்து ஆள் வருவான் என்றார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். காபித்தூள் மிகக் குறைவாக வாங்குகிற இடம் மயிலாப்பூர் என்று போட்டிருந்தது. அடையாறு வாங்குகிறது, தி.நகர் வாங்குகிறது, மயிலாப்பூர் மட்டும் தண்ணீர் குடித்தே உயிர் வாழ்கிறது. நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கே, கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். காலையில் காபி நுரை அடங்கும்வரை பேப்பர் பிரிக்காத வீடு எங்கள் வீடு.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கள் ஆட்கள் கேட்ட கேள்வி, காபித்தூள் எங்கே வாங்குகிறீர்கள் என்பது. மயிலாப்பூர் மாமிகள் தூள் வாங்குவதில்லை. பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி என்று கொட்டை வாங்குவார்கள். அதைக் கடையிலேயே கண்முன்னால் அரைக்கச் சொல்லி, சூடு ஆறுமுன் வீட்டுக்கு எடுத்துவந்தாலும் அவர்கள் கணக்கில் அது கொட்டை வாங்கியதுதான். தூள் என்பது பாக்கெட்டில் வருவது. அதை வாங்குகிறவர்கள் வேறு மாதிரியான மனிதர்கள். நம்மாத்துல தூள் வாங்கறதில்லை என்று பெருமையாகச் சொல்லியிருப்பார்கள்.

அங்கே கேள்வி கேட்கப் போனது, அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிற ஓர் அக்கா. வெயிலில் அலைந்து அலைந்து குடையே வெளுத்துப்போனவர். அவரிடம் விசாரித்தேன்.

"அந்தம்மாங்க கேட்டுக்கு அந்தாண்ட நின்னுக்கினு சொல்லுச்சுங்க, நான் இந்தாண்ட நின்னுக்கினு எழுதிக்கினேன். உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்டி தெரியும் மேடம்?"

அது நியாயம்தான். நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தமிழர்தான், ஆனால் பம்பாயில் வளர்ந்து டீ குடிக்கிறவர். கொட்டைக்கும் தூளுக்கும் இவ்வளவு சண்டையா என்று ஆச்சரியப்பட்டார். திங்கட்கிழமை கடைக்காரர் வருகிறார், மறுபடி வீடு வீடாகப் போக நேரமில்லை, நீ மயிலாப்பூர் பெண்தானே, உனக்குத் தெரிந்த நிலவரத்தைப் போட்டு எழுதிவிடு என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த ஊர் காபியைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? தூள் இல்லை, கொட்டை. இன்ஸ்டன்ட் காபிக்கு அங்கே இடமே கிடையாது. தைரியமாகக் கடை போடலாம். ரிப்போர்ட் மனத்துக்குள் முடிந்துவிட்டது.

அன்று சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். பன்னிரண்டு பி பஸ் பிடித்து, வழக்கமில்லாத வேளையில், மூன்று மணி வாக்கில் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் அப்பாவும் அவருடைய பார்க் சிநேகிதர்களும் கிரிக்கெட்டைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். ரிடையர் ஆனதிலிருந்து இப்படித்தான், காற்று வாங்கப் போகிற அப்பா தினமும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிடுவார். நான் நேரே சமையலறைக்குப் போனேன். அம்மா பில்டரிலிருந்து இரண்டாம் டிகாஷனை ஊற்றிவிட்டு, புளி ஜாடிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். இன்ஸ்டன்ட் காபி.

வீட்டில் வேறு ஏதாவது பார்த்திருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். மறைக்கவில்லை. மறைக்க நேரம் இல்லை என்பதுதான் உண்மை. "கத்தாதே. உங்கப்பா நாலு பேரை அழைச்சுண்டு வந்துடறார். ரெண்டாம் டிகாஷன் தண்ணியா இருக்கு. புதுசா இறக்கினா அரை மணி ஆகும். ஒரு ஸ்பூன் போட்டா யாருக்குத் தெரியறது? உனக்கே தெரியலையே?"

எனக்குத் தெரியவில்லைதான். எத்தனை மாதமாக என்று கேட்டேன். மாதம் இல்லையடி, வருஷம் என்றாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து நான் குடித்த காபி எல்லாம் அதுதான். எங்காத்துக் காபி மாதிரி வராது என்று ஆபீஸில் நான் பீற்றிக்கொண்டதும் அதைத்தான். அம்மா இன்னொன்றும் சொன்னாள். போன மாதம் காபி பற்றிக் கேட்க, வெளுத்த குடையோடு ஒருத்தி வந்தாளாம். இன்ஸ்டன்ட் காபி வாங்குவதுண்டா என்று கேட்டாளாம். சீ, அந்தப் பேச்சே இந்த ஆத்தில் கிடையாது என்று அனுப்பிவிட்டாளாம்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. உங்கள் வீட்டில் யாராவது இந்த மாதிரி ஆய்வு வேலையில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும்; இருந்தால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும். கேட்டாளா என்றேன். கேட்டாள், என் பெண் கம்ப்யூட்டரில் இருக்கா என்று சொன்னேன் என்றாள் அம்மா. அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. எங்கள் வீட்டுப் பொய்யை நானே ஏ.சி. அறையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பயபக்தியோடு தட்டியிருக்கிறேன்.

அன்று எனக்குக் காபி இறங்கவில்லை. என் வீட்டுச் சமையலறையே எனக்குத் தெரியவில்லை என்றால், மயிலாப்பூரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மனத்துக்குள் முடிந்த ரிப்போர்ட்டை மனத்துக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வீடுகளுக்குப் போவது என்று முடிவுசெய்து, எங்கள் தெரு டெலிபோன் பூத்துக்குப் போய் அங்கிருந்து அந்த அக்காவின் தெருமுனைக் கடைக்கு போன் போட்டுச் சொல்லி வைத்தேன். நான் கிளம்பும்போது அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்னமோ பண்ணிக்கோ. நம்மாத்து விஷயத்தை மட்டும் வெளில மூச்சு விடப்படாது."

சரி என்றேன்.

இந்த முறை வேளை பார்த்துப் போனோம். மூன்று மணிக்குமேல், இரண்டாம் டிகாஷன் இறங்குகிற நேரம். தெருக்காரப் பெண் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அக்காவுக்கு வாசற்படியில்தான் இடம், காபியும் அங்கேதான் வந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் உள்ளேதான் உட்கார்ந்தேன்.

கொட்டை விஷயம் எல்லா வீட்டிலும் உடனே சரியாயிற்று. தூள் இல்லை, கொட்டைதான் என்று ஆசையாகப் பேசினார்கள். இன்ஸ்டன்ட் என்றதும் முகம் மாறியது. ஐயோ, அதெல்லாம் ஆபீஸில் குடிக்கிறது. நேராகக் கேட்டேன், சுற்றி வளைத்துக் கேட்டேன், எல்லாரும் ஒரே பதில். மூன்றாவதோ நாலாவதோ வீட்டில், பாட்டு டீச்சர் மாமி ஒருவர், உள்ளே பிள்ளைகள் ஸ்வரம் பாடிக்கொண்டிருக்க, சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தார். அவர் கொடுத்த காபியில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் என் நாக்கை இனி நானே நம்பத் தயாராக இல்லை. அப்போது வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

"எங்காத்துல அம்மா ரெண்டாம் டிகாஷனுக்கு ஒரு ஸ்பூன் போடறா மாமி."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்துபோய்ப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்கம்மாவுமா?" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. அவர் வீட்டு டின் அரிசிப் பானைக்குள் இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவைக் காட்டிக்கொடுத்தேன். புள்ளியியல் படித்தவளுக்கு இது அடுக்காது. பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்டுக் கேட்கிற கேள்வி, கேள்வியே இல்லை. தெரிந்துதான் செய்தேன். எல்லா வீட்டிலும் டின் இருக்கவில்லை. இல்லாத வீட்டில் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் மட்டமாக நினைத்துக்கொண்டார்கள், அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பாதிக்கு மேல் டின் வெளியே வந்தது. உளுந்து டப்பாவுக்குப் பின்னாலிருந்து, பழைய பேப்பர் கட்டுக்கு அடியிலிருந்து, ஒரு வீட்டில் சுவாமி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து.

திரும்பி நடக்கும்போது அக்கா குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். குளத்தருகே வந்ததும், "உங்கம்மாவ தெரு மொத்தம் சொல்லிக்கினு வந்தீங்களே, கோச்சுக்காதா?" என்றார். கோபித்துக்கொள்வாள் என்றேன். எனக்கு அழுகை வந்தது. நாற்காலிக்காக அம்மாவை விற்றுவிட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை கடைக்காரர் வந்தார். கொட்டை, தூள் விவகாரத்தை நான் சொன்னதும் தொடையைத் தட்டிச் சிரித்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலை சுபமாக முடிந்திருக்கும். மேனேஜரும் அங்கேயே நிறுத்து என்று காலையிலேயே சொல்லியிருந்தார். பில்டர் காபி விற்கிறவரிடம் போய், உங்கள் வாடிக்கைக்காரர்கள் இன்ஸ்டன்ட் போட்டுக்கொள்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா? நான் சொன்னேன். மயிலாப்பூர் காபி குடிக்கிறது, ஆனால் உங்கள் கொட்டை காலைக் காபிக்கு மட்டும்தான், சாயங்காலத்தை டின்காரன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்றேன். எத்தனை வீட்டில் என்று அடித்துச் சொல்ல முடியாது, நான் கேட்ட விதம் அப்படி. இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும் என்றும் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"நான் முப்பது வருஷமா மயிலாப்பூர்க்காரங்களுக்குக் கொட்டை குடுக்கறேம்மா. மாம்பலத்துக்கு பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போவாங்க. அவங்களாவது, இன்ஸ்டன்டாவது. எந்த வீடு? ஒரே ஒரு வீட்டைச் சொல்லு, நம்பறேன்."

பதில் சொன்ன வீட்டை வெளியே சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் தர்மம். அதை மீறினால் நாற்காலி மட்டுமல்ல, டேட்டா என்ட்ரி ஸ்டூல்கூட எனக்குத் தகாது. எந்த வீட்டையும் சொல்ல முடியாது, ஒரு வீட்டைத் தவிர. விதிப்படி சேர்க்கக் கூடாத வீடு என்பதால் அதை நான் ஞாயிறு ராத்திரியே கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கணக்கில் இல்லாத வீட்டைச் சொல்லலாம்.

"எங்க வீடு" என்றேன். "எங்கம்மா போடறாங்க. புளி ஜாடிக்குப் பின்னால டின் இருக்கு. சர்வேல கேட்டப்போ இல்லைன்னு சொன்னாங்க."

கடைக்காரர் ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு, பெற்ற தாயைப் பற்றி எந்தப் பெண்ணும் இப்படிப் பொய் சொல்ல மாட்டாள் என்று மேனேஜரிடம் சொன்னார். அடுத்த கேள்வி என்னிடம்தான் வந்தது. சாயங்காலத்துக்கு அவசரமாகவும் வேண்டும், தண்ணியாகவும் இருக்கக் கூடாது என்றால் என்ன செய்யலாம்? அது எனக்குத் தெரியாது, காபியைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும் என்றேன். இறக்கின டிகாஷனையே பாட்டிலில் விற்றால் என்ன என்று அவர் தனக்குத்தானே முனகிக்கொண்டு படியிறங்கினார். பின்னால் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவர் கடை போட்டபோது அது நடந்தது. பாட்டிலைப் பேப்பரில் சுற்றித்தான் கொடுப்பார்.

நாற்காலி எனக்குக் கிடைத்தது. மேனேஜர் தானே அதைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். உட்காருவதற்குள், வேலை நிறைய வருகிறது, இன்னொரு அனலிஸ்ட் வேண்டும், ஊரில் ஆளே இல்லை என்று ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், செருப்பில்லாத காலோடு, என்னோடு தட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பி.எஸ்ஸி. கணிதம், ஒருத்தி பொருளாதாரம். அவர்களைக் கையால் காட்டினேன். அவர் புரியாமல் அந்தப் பக்கம் பார்த்தார்.

வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. படியேறும்போதே அம்மா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பிராகாரத்தில் பாட்டு டீச்சர் மாமி பிடித்துக்கொண்டு, நீங்க எந்த டின் வாங்கறேள் என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். இவ்வளவையும் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தட்டை வைத்தாள், ரசத்தை ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள். நான் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன் என்பதைச் சொன்னேன். மன்னிச்சுக்கோம்மா என்றேன்.

அம்மா இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். பிறகு மோரை என் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு அவகிட்ட நான் நிஜத்தைச் சொல்லியிருந்தேன்னா, உனக்கு இந்த நாற்காலி ஏதுடி?"

மறுநாள் காலையில் டின் புளி ஜாடிக்கு முன்னால் இருந்தது.